ஜன்னலோர வெயில்

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர். இரவு வானத்தில் வெண்மேகம் திட்டுத் திட்டாகப் படர்ந்தது போலிருந்தது.

"நுரையீரல் பூரா தூசும்மா. தெருக் கூட்டுற வேலைன்னு சொன்னீங்களே, மாஸ்க் போடுறதே இல்லையா?"

"ஒருநாள்கூட மறந்ததில்லைங்க" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன்.

"உங்களைக் கேக்கலை. அவங்க சொல்லட்டும்."

இருமல் அடங்கியதும் அவள் சிரித்தாள். "கூட்டுறது அவருதான் டாக்டர். கனவுல கூட்டுனாலும் மாஸ்க் போட்டுக்குவாரு. நான் வீட்டோடதான்."

"அப்ப இவ்வளவு தூசு எப்படி?"

அவள் கண்கள் எங்கோ மிதந்தன. "அவரு வந்ததும் சட்டையை ஜன்னல்கிட்ட உதறுவேன். தூசு வெயில்ல பொன்னாட்டம் மினுங்கும் டாக்டர். அடங்குற வரைக்கும் பார்த்துக்கிட்டே நிப்பேன்."

வேலையிலிருந்து அப்படியே வந்திருந்த கணவன், தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் நாற்காலியை அவளிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டான்.