இருபத்தைந்தாம் குப்பி

இருபத்து நான்குதான், நான்தானே எண்ணி வைத்தேன் என்று யோகேஸ்வரி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். குளிர்பெட்டித் தட்டில் இருபத்தைந்து குப்பிகள் இருந்தன.

மலேசியாவின் கூலிம் ஆய்வுக்கூடத்தில், சர்க்கரையையும் கொழுப்பையும் இணைத்துச் செயற்கையாகச் செய்த சேர்மங்கள் அவை. எச்.ஐ.வி. கிருமி உயிரணுவுக்குள் நுழையாமல் அவை தடுக்குமா என்று சோதிப்பது அவள் வேலை. இதுவரை எதுவும் தடுக்கவில்லை.

அந்தக் கூடுதல் குப்பியில் 25 என்று கறுப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது. தோட்டங்களில் எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் காம்பில் தங்கள் எண்ணை எழுதி வைப்பார்கள். பாடாங் மேஹா தோட்டத்தில் அண்ணன் சுகுமாரனின் எண் 25. அடியில் இரண்டு கோடு போடுகிறவன் அவன் ஒருவன்தான். இந்தக் கிருமியால் அவன் செத்து மூன்று வருடமாகிறது. ஊருக்குச் சொன்னது நுரையீரல் காய்ச்சல். அவன் துணிமணிகளை அம்மா எரிக்கச் சொன்னபோது தீக்குச்சியைக் கிழித்தவள் யோகேஸ்வரி.

"என்ன யோகேஸ், மறுபடியும் குட்டி போட்டிருச்சா?" என்று ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் கிருஷ்ணகுமார் சிரித்தார். "நேத்துதானே எரிக்க அனுப்பினோம்?"

"முந்தாநாளும் அனுப்பினோம் டாக்டர்."

அவர் சிரிப்பு நின்றது. "நாளைக்கு ஆடிட் வருதுலா. லிஸ்ட்ல இல்லாதது இங்க இருக்கக்கூடாது. இதையும் எரிக்கப் போட்டுரு."

அவள் குப்பியை எடுத்தாள். உறைபனிக்குள் இருந்த அது உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

"இல்ல டாக்டர், இந்தத் தடவ நான் போடமாட்டேன்" என்று மெதுவாகச் சொல்லி, அதை இருபத்து நான்காவது குப்பியின் பக்கத்திலேயே வைத்தாள்.