ஆறாவது கம்பி

"எஞ்சினைக் கெடுத்தது இவன்தான்னு நீரு ஒரு வார்த்தை சொல்லும். இப்பவே இவனை வீட்டுக்கு அனுப்பிருதேன்!"

காய்கறி வியாபாரி கோமதிநாயகம் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டிக்கு என்ன நோய் என்று தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம். திருநெல்வேலிக்காரரின் தீர்மானம் என்றால் சும்மாவா!

அவருடைய பிக்கப் எண்பத்தைந்து மாடல். வயது பதிமூன்று. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் காய் ஏற்றி வருகிற வண்டி, பத்து நாளாக 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது.

மலையாளி டிரைவர் சுதீஷ் வண்டி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாதவன். இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு கதி இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்றே எடுத்துக்கொண்டார் கோமதிநாயகம்.

மெக்கானிக் லிங்கராஜ் மார்த்தாண்டத்துக்காரர். திருவனந்தபுரம் தம்பானூரில் இருபது வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறவர். ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார்.

"வால்வைத் தட்டுற டாப்பட் சத்தம் அண்ணாச்சி. மூணாவது சிலிண்டர்."

"ஆயில் பாக்காம ஓட்டிருப்பான்."

லிங்கராஜ் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். அளவு கச்சிதம். மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாம் ஆயிலில் குளித்துக் கிடந்தது.

"ஆயில்ல குத்தமில்ல."

"அப்ப வேற என்னத்தையாவது செஞ்சிருப்பான். நல்லாப் பாரும்!"

ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்து, டாப்பட் இடைவெளியைச் சரிசெய்தார் லிங்கராஜ். சத்தம் நின்றது. கோமதிநாயகத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஐந்தே நிமிஷம். மறுபடியும் டிக் டிக்.

"இதை நான் விடுறதா இல்ல" என்றார் லிங்கராஜ்.

"நானும் விடுறதா இல்ல" என்றார் கோமதிநாயகம், டிரைவரை முறைத்துக்கொண்டே.

வால்வுகளைத் தள்ளித் திறக்கிற எட்டு புஷ் ராடு கம்பிகளையும் உருவியெடுத்துத் துடைத்தார் லிங்கராஜ். மேஜைக் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக உருட்டினார். முதல் ஐந்தும் வழுக்கிக்கொண்டு ஓடின. ஆறாவது கம்பி நொண்டி நொண்டிப் போய் நின்றது.

"ஆப்புட்டுது! வளைஞ்சிருக்கு. இது தேய்மானத்தால வர்றது இல்ல அண்ணாச்சி. வேகமாப் போற வண்டியைத் திடீர்னு ரெண்டாவது கியர்ல போட்டா, எஞ்சின் கண்டபடி சுத்தும். வால்வு மூடுறதுக்குள்ள பிஸ்டன் வந்து முட்டும். கம்பி வளையும்."

கோமதிநாயகம் ஒருவழியாகப் பெட்டியை விட்டு எழுந்தார்.

"கேட்டியாலே? கியர் போடத் தெரியாதவன்லாம் டிரைவர்! சாவியைக் குடு. நாளையிலேருந்து வராண்டாம்."

சுதீஷ் சாவியை நீட்டினான். லிங்கராஜ் குறுக்கே கையை வைத்துத் தடுத்தார்.

"பொறுங்க அண்ணாச்சி. எட்டு வருஷமா வண்டி ஓட்டுறவன், பிரேக் இருக்கும்போது கியரைப் போட்டு எதுக்கு நிறுத்தணும்? சுதீஷே, காரியத்தைப் பறை, என்ன நடந்துது?"

"பிரேக் கிட்டல அண்ணா. பத்து நாள் முன்ன அமரவிளை எறக்கத்துல பெடலைச் சவிட்டினேன். தரை வரைக்கும் போச்சு."

கோமதிநாயகம் பாய்ந்தார். "பிரேக் சரியில்லைன்னா எங்கிட்ட முதல்லயே சொல்ல வேண்டியதுதானலே?"

"ரெண்டு பிராவசியம் பறஞ்ஞேன் மொதலாளி. 'பிரேக் குறச்சு நோக்கணும்'னு."

"ஆமா, ரெண்டு தடவை சொன்னே. பிரேக் போடுறதைக் குறைச்சுப் பாக்கணும்னு சொன்னே. லைனிங் தேயாதுன்னு எனக்கும் சந்தோஷம். 'தாராளமா குறைச்சுக்கோ'ன்னு சொன்னேம்லா?"

லிங்கராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இந்த ஊர்ல குறச்சுன்னா கொஞ்சம்னு அர்த்தம். பிரேக்கைக் கொஞ்சம் பாக்கணும்னு அவன் சொல்லிருக்கான்!"

திருவனந்தபுரத்துக்கு வந்த ஆறே மாதத்தில் மலையாளத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாகச் சொல்லித் திரிந்தவருக்குக் காது மடல் சுட்டது.

"பிரேக்குக்கு மொதலாளி செலவு செய்ய மாட்டாருன்னு நெனச்சேன்" என்றான் சுதீஷ். "அந்த ஞாயிறாழ்ச்ச நானே இருந்து சரியாக்கிட்டேன். இப்ப பிரேக் நல்லா கிட்டுது."

முதலாளிக்கு மனசுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால், நாலு பேர் பார்க்க எழுந்து நின்று கத்தியாயிற்றே, இனி எப்படி இறங்கி வருவது? கோமதிநாயகம் விடவில்லை.

"அதெல்லாம் சரிலே. பிரேக் போயிட்டுன்னா எறக்கத்துல கியரைப் போட்டு எஞ்சினைக் கொல்லணுமா? இடது பக்கம் பூரா மண்திட்டுதான? அதுல கொண்டு ஒரு இடி இடிச்சா வண்டி தன்னால நிக்கப் போகுது. என் எஞ்சினாவது தப்பிச்சிருக்கும்லா?"

சுதீஷ் தயங்கினான். லிங்கராஜின் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"இடிக்கத்தான் நெனச்சேன் மொதலாளி. பட்சே, இடது பக்கத்து சீட்டுல நீங்க உறங்கிக்கிட்டு இருந்தீங்க."