தாளில் இல்லாத கேள்வி

2018 நவம்பர் 2, டோக்கியோ. இருபத்துநான்கு இடங்களுக்கு முந்நூற்றுப் பத்து விண்ணப்பங்கள் வந்திருந்தன.

கருநீலக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்த மொரிகாவாவைக் காத்திருப்பு அறையில் மனைவி சிஹாரு, கேள்வி பதில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சோதித்தாள்.

"எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

சொன்னார்.

"இப்போ ஜப்பானிய மொழியில."

அதையும் சொன்னார். "மூணு மாசமா மனப்பாடம் பண்றேன். ஆபீஸ்ல சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். நீங்க உளறினா இந்த இடம் போச்சு!"

அவர்களுடைய ஐம்பத்தேழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். கட்டடத்துக்குள் போடவென்று கையோடு கொண்டுவந்த செருப்புகளை மாட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மொழிகளிலும் கேட்டதற்கெல்லாம் மொரிகாவா தடுமாறாமல் பதில் சொன்னார். எதிரே இருந்த பெண்மணி விண்ணப்பக் கோப்பை மூடினார்.

"கடைசியா ஒண்ணு, அப்பாவுக்கு மட்டும். உங்க மகளோட நெருங்கின சிநேகிதி யாரு?"

அது தாளில் இல்லை. சிஹாரு தன் முழங்காலையே பார்த்தாள்.

மழலையர் பள்ளியில் சேர வந்திருந்த மூன்று வயது ஹினானோ, தரையை எட்டாத கால்களை ஆட்டியபடி அப்பாவுக்கு உதவ முன்வந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியாது டீச்சர். நான் தூங்கினப்புறந்தான் அவரு வருவாரு."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வானவர்களின் எண்களை ஒட்டினார்கள். ஐம்பத்தாறுக்கு அடுத்து ஐம்பத்தெட்டு இருந்தது.