நடு வண்டி

பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டின் பிடியை இரண்டு தடவை ஏற்றி இறக்கியிருப்பேன், சட்டைப் பையில் போன் அடித்தது.

யார் என்று பார்க்கத் தேவையில்லை. காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட ஒருவர்தான் இருக்கிறார், தையல்கார அம்மா.

ட்ரெய்லரைச் சாலையோரம் நிறுத்தியிருந்தேன். மோட்டார் சைக்கிள்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இருபது கிலோமீட்டரில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சட்டம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த இருபதுக்குள் வண்டி குலுங்கிக் குலுங்கி உட்கார்ந்துகொள்ளும், பெல்ட் தளர்ந்துவிடும். பார்க்காமல் விட்டால் ஒன்று ஒருக்களித்துப் பக்கத்து வண்டியின் டேங்கில் முத்தம் கொடுக்கும். அப்புறம் இரண்டு வண்டிக்காரர்களிடமும் நான்தான் கைகட்டி நிற்க வேண்டும்.

“தம்பி, நிறுத்திப் பாத்தீங்களா?”

எனக்கு ஐம்பத்து நாலு வயது. முன்மண்டையில் முடி இருந்த அடையாளமே கிடையாது. என்னைத் தம்பி என்று கூப்பிட இப்போது இவரை விட்டால் ஆளில்லை, அதனால் திருத்தவில்லை.

“பாத்துக்கிட்டேதாம்மா இருக்கேன்” என்றேன்.

இது உண்மையில் இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் வண்டிமேல் உட்கார்ந்து அமுக்க வேண்டும், இன்னொருவர் பெல்ட்டை இழுக்க வேண்டும். எனக்கு மைத்துனன் உட்காருவான். மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள், அக்காவோடு அவனும் போய்விட்டான். ஒரே நாளில் வீட்டுக்கும் ஆளில்லை, வேலைக்கும் ஆளில்லை.

தையல்கார அம்மா வீட்டு வாசலில் அவர் மகனின் வண்டியை ட்ரெய்லரின் நடுவில் ஏற்றியபோதும் நான் ஒண்டிதான். மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, ஒரு பையோடு முன்னாலேயே போய்விட்டான். வண்டியை அம்மாதான் அனுப்பிவைத்தார். நான் ஒரு கையால் பிடித்து ஒரு கையால் இழுத்துத் தடுமாறியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ட்ரெய்லரில் ஏறி, வண்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயதுக்காரர், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தார்.

முன்பக்க ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கும்வரைதான் இழுக்க வேண்டும், முழுக்க இழுத்தால் ஆயில் சீல் போய்விடும் என்று சொன்னேன். மிஷினில் நூலும் அப்படித்தான், ரொம்ப இழுத்தால் துணி சுருங்கிவிடும் என்றார். அரை மணி நேரத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு எனக்கே மேஸ்திரியாகிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் போன்.

மற்றவர்களும் கூப்பிடுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வண்டி ஏறியதும் ஆரம்பிப்பார்கள், இறங்கியதும் என் நம்பரையே மறந்துவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை. வண்டியை இறக்கிய பிறகு என்னோடு பேச யாருக்கு என்ன இருக்கிறது?

இவரும் அப்படித்தான் நிறுத்திவிடுவார் என்ற பயம் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகன் இருந்த ஊர் நெருங்க நெருங்க நான் மெதுவாக ஓட்டினேன்.

“நடு வண்டி எப்படி இருக்கு?”

சுற்றிக்கொண்டு போய் நடுவில் நின்ற வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். முன் சக்கரம் தடுப்புக் கட்டையை விட்டு நகரவில்லை. இடது பக்க பெல்ட் மட்டும் லேசாகத் தொங்கியது. சத்தம் அவருக்கும் கேட்கட்டும் என்று போனை ராட்செட் அருகே பிடித்துக்கொண்டு ஏற்றினேன். டிக், டிக்.

“போதும் போதும்” என்றார்.

பிறகு ஒரு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றித் தைத்துவிட்டதையும், பிரிக்க மனசில்லாமல் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். மகன் காலையில் போனை எடுப்பதில்லையாம், வேலைக்கு ஓடுகிற அவசரம். சாயங்காலம் எடுத்தால் களைப்பு. நான் டீ குடித்ததைச் சொன்னேன். அது ஆறிப்போயிருந்ததையும் சொன்னேன். இதையெல்லாம் கேட்கவும் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

“மெதுவாவே கொண்டு போங்க தம்பி. ஒண்ணும் அவசரமில்ல.”

சரி என்று வைத்தேன்.

அவர் மகனின் வண்டியை இறக்கி, மகன் கையில் சாவியைக் கொடுத்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இப்போது நடுவில் நிற்பது யாரோ ஒரு பேங்க் மேனேஜருடையது.

இறக்கிய அன்று சாயங்காலமே மகன் அம்மாவுக்கு வண்டியின் படம் அனுப்பிவிட்டானாம். அந்த அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார், நன்றியும் சொன்னார். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, காலி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தேன்.

அவர் கேட்டார், வண்டி ஆடாமல் நிற்கிறதா என்று.

நான் இறங்கிப் பின்னால் போய், காலி ட்ரெய்லரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.