சிவப்புக் காரின் டக் டக்

அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த அந்தப் பழைய சிவப்புக் காருக்கு ஊரில் ஏக மவுசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி தாமோதரன் ஷெட்டைத் திறந்து சாவியைத் திருகுவார். அது ஒரு உறுமு உறுமினால் போதும், தெருவே போட்டது போட்டபடி ஓடிவரும்.

ஒரு ஞாயிறு அப்படி உறுமும்போதுதான் தன் வயிற்றுக்குள் 'டக் டக்' என்று ஒரு சத்தத்தைக் கார் கேட்டது. அதோடு அதன் நிம்மதி போயிற்று.

"தம்பி, உனக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்று பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரிடம் விசாரித்தது.

"என்னதுண்ணே?"

"ஒண்ணுமில்ல, விடு."

அடுத்த ஞாயிறும் வந்தது, கூட்டமும் வந்தது. அந்தச் சத்தம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று கார் அடிவயிற்றிலிருந்து உறுமியது. கூரைத் தகரம் கிடுகிடுத்தது. பாழாய்ப்போன டக் டக்கும் கூடவே ஏறியது. இன்றோடு மானம் கப்பலேறிவிடும் என்று கார் நடுங்கியது.

கூட்டத்தில் ஒரு மீசைக்காரர் கையை உயர்த்தினார். "பேசாம அந்த டக் டக்கைக் கேளுங்கய்யா! என்னா கம்பீரம்! இப்ப வர்ற வண்டியில இது கிடைக்குமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் செல்போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டார்கள்.

ஷெட் கதவைச் சாத்தியதும் ஸ்கூட்டர் சிரித்தது. "இதுக்குப் போயாண்ணே ஒரு வாரமா பயந்தீங்க?"

கார் சிரிக்கவில்லை.

"தம்பி, அடுத்த வாரம் அந்தச் சத்தம் வராமப் போயிட்டா என்னடா பண்றது?"