தூக்க மருந்து

“எம் புள்ளைக்கு என்ன மருந்து குடுக்குறீங்க, டீச்சர்?”

தோட்டத்துப் புள்ளக்காம்பரா வாசலில் குழந்தையோடு நின்று கத்தினாள் பிரேமினி. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்பவள் ஜெரோமி.

“மருந்தா? எதுக்குக்கா?”

“இங்க பகல் பூரா தூங்குது. வீட்டுல நான் தொண்டை வத்தப் பாடினாலும் கண்ண மூட மாட்டேங்குது. எங்க லயத்து வரிசையில எல்லா வீட்டுலயும் இதே கததான். தோட்டத்துத் தொரகிட்ட சொல்லப் போறேன்!”

ஜெரோமி குழந்தையை வாங்கிச் சேலைத் தொட்டிலில் கிடத்தி, மெல்லப் பாடினாள். வெளியே மலைமேல் பனிமூட்டம் இறங்குவதுபோல் குழந்தையின் இமைகள் இறங்கின. பிரேமினிக்கே கொட்டாவி வந்தது. ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை.

“இது என்ன பாஷை?”

“இத்திஷ்க்கா. ஐரோப்பா யூதர்களோட பேச்சு, ஜெர்மனுக்குச் சொந்தக்கார பாஷை. ஜெர்மன் பாஷையில பட்டம் வாங்கினேன்ல, மேல்படிப்புக்கு இதையும் சேர்த்துப் படிக்க ஜெர்மனியில இடம் கெடைச்சிருக்கு. புள்ளைங்களுக்குத் தாலாட்டாப் பாடித்தான் மனப்பாடம் பண்ணேன். வர்ற வாரம் கெளம்புறேன்.”

பிரேமினியின் கோபம் பயமாக மாறியது. “ஐயோ, அப்ப எம் புள்ள?”

மறுநாள் மூடுபனிக்குள் கொழுந்து பறித்த தாய்மார் அத்தனை பேர் வாயிலும், அர்த்தம் தெரியாமலே, ஜெரோமி சொல்லிக்கொடுத்த இத்திஷ் தாலாட்டு.