தொட அனுமதி

மாணிக்கவல்லி மருத்துவமனையின் நாலு கவுண்டர்களில் பதினோரு மணி நேரம் கத்திய பிறகுதான், அவள் கணவரை மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்க அனுமதி வந்தது. ஸ்கேனர் மூன்று முறையும் ‘கோளாறு இல்லை’ என்றது. அவரோ வலியில் சுருண்டு கிடந்தார். வயிறு கல்லாக இறுகியிருந்தது.

இளம் மருத்துவர் நரேன் உள்ளங்கையை அந்த வயிற்றின்மேல் வைத்துவிட்டு அசையாமல் நின்றார்.

“என்ன தம்பி, இஸ்திரிப் பெட்டி மாதிரி வச்சுட்டு நின்னா எப்படி? அழுத்திப் பாருங்க.”

“ஒரு நிமிஷம்மா. இன்னும் ஒண்ணும் வரல.”

“கை என்ன மெஷினா, வச்சதும் சொல்றதுக்கு? மத்தவங்களுக்கு எப்படிப் பார்த்தீங்க?”

நரேன் கையை எடுத்துக்கொண்டார்.

“நான் இதுவரைக்கும் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லம்மா.”